ஐந்து குங்ஃபூ படங்கள், ஒரே ஒரு மாலை: எதை முதலில் பார்ப்பது?

அக்கா தொலைபேசியில் கேட்டது மிக எளிமையான கேள்வி. கோடை விடுமுறை; வீட்டில் 14 வயது மகன், 9 வயது மகள், சப்டைட்டில் என்றாலே ரிமோட்டைத் தேடும் அத்தான். "சண்டை இருக்க வேண்டும், சிரிப்பு இருக்க வேண்டும். வெறும் அடிதடியாக முடிந்துவிடாமல் சீனாவைப் பற்றிப் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயமாவது தெரிய வேண்டும். ஒரே ஒரு படம் சொல்."

பத்துப் படம் கேட்டிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். ஒரு படம் என்பதுதான் சிக்கல். அன்று இரவு ஒரு தாளில் ஐந்து பெயர்களை எழுதினேன்: 'ட்ரங்கன் மாஸ்டர்' (1978), 'ப்ராஜெக்ட் ஏ' (1983), 'மிஸ்டர் வாம்பயர்' (1985), 'ட்ரங்கன் மாஸ்டர் 2' (1994), 'குங்ஃபூ ஹஸல்' (2004). ஐந்துமே ஹாங்காங் மண்ணில் விளைந்தவை. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். ஏன் அடித்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அடிப்பதற்கு முன் ஓர் அளவுகோல் வேண்டும். சண்டையையும் சிரிப்பையும் கலந்தது சினிமாக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. பீக்கிங் ஓபரா என்று நாம் அறிந்திருக்கும் சீன மேடை மரபில் 'வூ சோவ்' என்றே ஒரு வேடம் உண்டு. கோமாளிதான், ஆனால் கரணம் போடத் தெரிந்த, வாள் வீசத் தெரிந்த கோமாளி. ஒரே உடம்பில் வீரனும் விதூஷகனும். இந்தக் கலையைப் பிள்ளைகளுக்குப் பிரம்படியோடு சொல்லிக்கொடுத்த ஒரு பள்ளி ஹாங்காங்கில் இருந்தது. யூ ஜிம் யுவன் என்பவர் அதன் குரு. ஜாக்கி சான், சாம்மோ ஹங், யுவன் பியாவ், யுவன் வா, யுவன் சியூ எல்லோரும் அங்கே வளர்ந்தவர்கள். பலர் பெயரில் வரும் 'யுவன்' குருவின் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டது, உடன்பிறப்புகள் அல்லர். என் தாளில் இருந்த ஐந்து படங்களிலும் இந்தப் பள்ளியின் பிள்ளைகளைத் திரையில் பார்க்கலாம். 'மிஸ்டர் வாம்பய'ரில் ஒப்பனைக்குள் மறைந்து பிணமாக வருபவர் யுவன் வா; அதைத் தயாரித்தவரும் அந்தப் பள்ளியின் சாம்மோ ஹங்தான்.

ஆக, அளவுகோல் இதுதான். சிரிப்பு உடம்பிலிருந்து வருகிறதா, பேச்சிலிருந்து வருகிறதா? உடம்பின் சிரிப்பு எந்த ஊருக்கும் போய்ச் சேரும். பேச்சின் சிரிப்பு பாதி வழியில் கப்பலிலிருந்து இறங்கிவிடும். அடுத்தது, சீனப் பண்பாடு சண்டைக்குப் பின்னால் திரைச்சீலையாகத் தொங்குகிறதா, சண்டைக்குள்ளேயே கரைந்திருக்கிறதா?

முதலில் அடித்தது, எனக்கு மிகவும் பிடித்த 'குங்ஃபூ ஹஸ'லை. மனம் கொஞ்சம் வலித்தது.

ஸ்டீபன் சோவ் எழுதி, இயக்கி, நடித்த படம். கம்யூனிஸ்டுகள் வருவதற்கு முந்தைய ஷாங்காய். கோடாரிக் கும்பல் ஊரை ஆள்கிறது. பன்றித் தொழுவச் சந்து என்று பெயர் பெற்ற ஒரு சேரிக் குடியிருப்பு மட்டும் யாரும் சீண்டாமல் கிடக்கிறது. சுருள் முடிக்காகத் தலையில் உருளைகள், வாயோரம் சிகரெட், வாடகை தராதவனை மாடியிலிருந்து குரலாலேயே அடிக்கும் வீட்டுக்காரம்மா. மூட்டை தூக்குபவர், தையல்காரர், காலை உணவுக்கு மாவைத் திரித்து எண்ணெயில் பொரித்து விற்பவர் என்று மூன்று குடித்தனக்காரர்கள். மூவரும் பெரிய வித்தைக்காரர்கள் என்பது சண்டை வந்த பிறகுதான் தெரிகிறது. சீன வீரக் கதைகளின் ஆணிவேரே இந்த எண்ணம்தான்: பெரிய குரு மலை உச்சியில் இருக்க மாட்டார், உங்கள் தெருமுனையில் மாவு பிசைந்துகொண்டிருப்பார். தையல்காரராக வருபவர் கையில் இரும்பு வளையங்களை மாட்டிக்கொண்டு அடிக்கிறாரே, அவர் நிஜ வாழ்விலும் ஹங் கார் என்ற தென் சீனக் குங்ஃபூ பாணியின் ஆசான்.

பிறகு ஏன் அடித்தேன்? ஒரு காட்சி சொல்கிறேன். வீட்டுக்காரம்மாவும் கணவரும் யார் என்று தெரியவரும் இடம். தங்கள் பெயர் யாங் குவோ, சியாவ் லோங்னூ என்கிறார்கள். சீனப் பார்வையாளர்கள் அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இருவரும் வீரக் கதை எழுத்தாளர் ஜின் யோங் 1959இல் ஹாங்காங் நாளிதழில் தொடங்கிய தொடர்கதையின் காதலர்கள். அழகுக்கும் இளமைக்கும் பேர்போனவர்கள். தொந்தியும் தூக்கக் கலக்கமுமாக ஒரு நடுத்தர வயதுத் தம்பதி 'நாங்கள்தான் வந்தியத்தேவனும் குந்தவையும்' என்று நம்மிடம் வந்து சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி. ஆங்கில சப்டைட்டில் இந்தப் பெயர்களை 'பாரிஸ், ட்ராய் நகரத்து ஹெலன்' என்று மாற்றி வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல மாட்டேன். வேறு என்ன செய்வார்? ஆனால் சிரிப்பும் போயிற்று, சீனாவும் போயிற்று. படம் முழுவதும் இப்படிப் பழைய படங்கள், பழைய கதைகள், பழைய நடிகர்கள் மீதான கேலியும் பிரியமும் நிறைந்து கிடக்கின்றன. பத்து குங்ஃபூ படம் பார்த்தவருக்கு இது விருந்து. முதல் படமாகப் பார்ப்பவருக்கு, கல்யாண வீட்டில் யாரையும் தெரியாமல் பந்தியில் உட்கார்ந்த கதை.

இன்னொரு காரணம் சுலபமானது. தொடக்கத்திலேயே கோடாரியால் காலை வெட்டுகிறார்கள். ஓடும் பெண்ணை முதுகில் சுடுகிறார்கள். தந்தி வாத்தியத்தை மீட்டியே ஆளை வெட்டும் இரண்டு கொலைகாரர்கள் வருகிறார்கள். ஒரு தலை போகிறது. கார்ட்டூன் போல எடுத்திருந்தாலும் அமெரிக்காவில் இதற்கு, 17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்க வேண்டும் என்னும் 'ஆர்' சான்றுதான் கிடைத்தது. 9 வயதுப் பெண்ணுக்கு வேண்டாம். சோவின் கை வண்ணம் அவசியம் வேண்டுமென்றால் 2001இல் வந்த 'ஷாவ்லின் சாக்கர்' இதைவிட மென்மையானது.

'மிஸ்டர் வாம்பயர்' கடினமான போட்டி கொடுத்தது. பெயரைப் பார்த்து ட்ராகுலா வகை என்று ஏமாறக் கூடாது. இதில் வருவது 'ஜியாங்ஷி', அதாவது விறைத்துப்போன சடலம். விறைப்பினால் முழங்கால் மடங்காது. ஆகவே கைகளை நீட்டிக்கொண்டு தத்தித் தத்தி வரும். உடுத்தியிருப்பது சீனாவின் கடைசி அரச வம்சமான ச்சிங் அரசவை அதிகாரியின் உடை. நெற்றியில் மந்திரம் எழுதிய மஞ்சள் தாளை ஒட்டினால் அப்படியே நின்றுவிடும். மூச்சை அடக்கிக்கொண்டால் நாம் இருப்பதே அதற்குத் தெரியாது. அந்தக் கடைசி விதி ஒன்றை வைத்துக்கொண்டே எத்தனை வேடிக்கை! கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு, முகம் சிவந்து, பிணத்தின் மூக்குக்கு நேரே நிற்கும் மனிதனைப் பார்த்துச் சிரிக்க எந்த மொழியும் தேவையில்லை.

பண்பாட்டுக் கணக்கில் இதுதான் ஐந்திலும் முதலிடம். புதைகுழிக்கு இடம் பார்ப்பது, இருபது ஆண்டு கழித்துத் தோண்டி மறுபடி அடக்கம் செய்வது, தாவோ என்னும் சீனச் சமயத்துப் பூசாரியின் மரவாள், ஒட்டும் அரிசி. சவப்பெட்டியிலிருந்து பிணம் எழாமலிருக்க, கோழி இரத்தம் கலந்த மையில் தோய்த்த நூலைச் சுண்டிப் பெட்டியின் மேல் கோடு போடுகிறார்கள். நம் தச்சர்கள் மரத்தில் நூல் அடிப்பார்களே, அதே கருவி, அதே சுண்டல். இரண்டு அசட்டுச் சீடர்கள் நான்கு பக்கமும் அடித்துவிட்டு அடிப்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். படத்தின் மொத்தத் தொல்லையும் அங்கிருந்துதான் புறப்படுகிறது. அரிசியிலும் ஒரு குறும்பு: பசையரிசி விலை அதிகம் என்று கடைக்காரன் சாதா அரிசியைக் கலந்து விற்றுவிடுகிறான். பேயை விரட்டப் போன இடத்தில் கலப்படம்! பூசாரியாக வரும் லாம் ச்சிங் யிங், இணைந்த புருவமும் அசையாத முகமுமாக இத்தனைக்கும் நடுவில் ஒருமுறைகூடச் சிரிப்பதில்லை. அதுதான் அவருடைய நகைச்சுவை.

ஆனால் சண்டை இதில் மூன்றாவது இடத்தில்தான் நிற்கிறது. ஒரு பெண் பேயின் மோகக் கதை நடுவில் புகுந்து வேகத்தைக் கெடுக்கிறது. பிள்ளைகளோடு பார்க்கும்போது தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டிய இடமும் அதுவே. இருட்டுக்குப் பயப்படும் குழந்தை இருந்தால் அன்று இரவு யாருக்கும் தூக்கமில்லை. என் மருமகள் அந்த வகை. அடித்தேன்.

எஞ்சியது மூன்று. மூன்றிலும் ஜாக்கி சான்.

'ப்ராஜெக்ட் ஏ' பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் அது தானே சொல்லிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டின் ஹாங்காங், கடற்கொள்ளையர், அவர்களைப் பிடிக்கத் துடிக்கும் கடற்படைப் போலீஸ். ஜாக்கி, சாம்மோ, யுவன் பியாவ் மூவரும் சேர்ந்து வரும் படம். கடிகார கோபுரத்தின் முள்ளில் தொங்கி, கைவிட்டு, துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் விழும் காட்சி இதில்தான். ஹெரால்ட் லாய்ட் 1923இல் ஒரு மௌனப் படத்தில் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கினார். ஜாக்கி தொங்கியதோடு நிற்காமல் விழுந்தும் காட்டினார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஒரு சின்ன இடம். மதுக்கூடத்தில் தரைப் போலீசுக்கும் கடல் போலீசுக்கும் கைகலப்பு. ஜாக்கியும் யுவன் பியாவும் நாற்காலியால் ஒருவரை ஒருவர் ஓங்கி அடித்துக்கொள்கிறார்கள். இருவர் முகத்திலும் துளி வலி இல்லை. முறைக்கிறார்கள், விறைப்பாக நடந்து விலகுகிறார்கள். மறைவுக்குப் போனதும் இருவரும் தனித்தனியே வலியில் துடித்து, அடிபட்ட இடத்தைத் தேய்த்துக்கொள்கிறார்கள். பத்து விநாடிகூட இருக்காது. வீரமும் மானமும் கோமாளித்தனமும் அதற்குள் அடங்கிவிட்டன. ஒரு வசனம் இல்லை. அத்தானுக்கு ஏற்ற படம்.

குறை? அக்கா கேட்ட 'சீனா' இதில் குறைவு. உடைகளும் தெருக்களும் இருக்கின்றன, பிரிட்டிஷ் அதிகாரியின் கீழ் வேலை செய்யும் சீனனின் புழுக்கமும் இருக்கிறது. ஆனால் சண்டையை எடுத்து வேறு ஊரில் வைத்தாலும் அது நடந்துவிடும். பண்பாடு இங்கே திரைச்சீலைதான், அழகான திரைச்சீலை.

அடுத்து, குடிகார ஆசான்கள் இருவர், அதாவது 'ட்ரங்கன் மாஸ்டர்' படங்கள் இரண்டு; குடித்துத் தள்ளாடியபடியே அடிப்பதுதான் இரண்டிலும் வித்தை. இரண்டு படங்களிலும் நாயகன் ஒருவரே: வோங் ஃபெய் ஹங். கற்பனைப் பாத்திரம் அல்லர். குவாங்டுங் மாகாணத்து ஃபோஷான் பகுதியில் பிறந்த வைத்தியர், ஹங் கார் ஆசான், சிங்க நடனத்தில் கைதேர்ந்தவர். குவான் தக் ஹிங் என்ற நடிகர் 1949 முதல் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் அவராகவே வாழ்ந்திருக்கிறார். கண்டிப்பான, ஒழுக்கம் தவறாத, புன்னகையைக்கூட அளந்து தரும் பெரியவராக. ஒரு தலைமுறையே அந்த முகத்தைக் கும்பிட்டு வளர்ந்தது. 1978இல் யுவன் வூ பிங் செய்த குறும்பு என்னவென்றால், அந்தப் பெரியவரின் வாலிபத்தை எடுத்துக்கொண்டு அவரை ஊர்ச் சண்டைக்குப் போகும், ஓட்டலில் தின்றுவிட்டுக் காசு தராமல் நழுவப் பார்க்கும் அடங்காப் பிள்ளையாக்கியது. சிரிப்பின் முதல் விதை அங்கே இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவிட்டால் படம் இரட்டிப்பாகச் சுவைக்கும்.

இரண்டில் 1994ஆம் ஆண்டுப் படம்தான் பணச் செழிப்பானது, பளபளப்பானது. சண்டைகளை மட்டும் வைத்துப் பார்த்தால் ஐந்திலும் இதுவே சிறந்தது என்பேன். ரயில் பெட்டிக்கு அடியில் குனிந்தபடியே நடக்கும் ஈட்டிச் சண்டை, கடைசியில் எரியும் கரிப் படுகையில் ஜாக்கி கையூன்றி ஊர்வது. இயக்குநர் லாவ் கார் லியுங்கின் தந்தை, லாம் சாய் விங் என்பவரிடம் வித்தை கற்றவர். அந்த லாம் சாய் விங், நிஜ வோங் ஃபெய் ஹங்கின் நேர்ச் சீடர். அதாவது தன் குருபரம்பரையின் மூலவரைப் பற்றியே படம் எடுக்கிறார். சண்டை எப்படி அமைய வேண்டும் என்பதில் ஜாக்கிக்கும் அவருக்கும் ஒத்துப்போகாமல் கடைசிச் சண்டைக்கு முன் அவர் விலக, அதை ஜாக்கியே எடுத்தார். சின்னம்மாவாக வரும் அனிதா முய் படத்தையே திருடிக்கொண்டு போகிறார். கணவருக்குத் தெரியாமல் மாஜாங் சூதாடுவது, மாட்டிக்கொண்டதும் அழுகையைத் திறந்துவிடுவது, மகன் சண்டையிடும்போது சாராயப் புட்டியைத் தூக்கி எறிவது. (மகனைவிட அம்மாவுக்கு 9 வயது குறைவு, அப்பா டி லுங்குக்கு மகனைவிட 8 வயதுதான் அதிகம். இதை யாரும் கவனிக்காதபடி மூவரும் நடித்திருப்பதே ஒரு சாதனை.) பிரிட்டிஷ் தூதரகத்துக்காரர்கள் சீனக் கலைப்பொருட்களைக் கடத்துவதைத் தடுப்பதுதான் கதை என்பதால், 14 வயதுப் பையனோடு பேசவும் விஷயம் உண்டு.

மதுவைப் பற்றி இந்தப் படத்துக்கு ஒரு மனச்சாட்சியும் இருக்கிறது: படகை மிதக்க வைக்கும் தண்ணீரே அதைக் கவிழ்க்கவும் செய்யும் என்று அப்பா மகனை எச்சரிக்கிறார். ஆனால் அந்த மனச்சாட்சியை முடிவில் தானே கெடுத்துக்கொள்கிறது. ஆலைச் சாராயத்தைக் குடித்த நாயகனின் மூளை கலங்கிப்போனதை ஒரு கேலிச் சிரிப்பாக ஹாங்காங் பதிப்பு காட்டுகிறது. 2000இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். வெட்டுவது எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. இதற்கு மட்டும் கத்தரிக்கோலை நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்.

அப்படியும் நான் தேர்ந்தெடுத்தது 1978ஆம் ஆண்டுப் படத்தைத்தான்.

பாதிப் படம் பயிற்சி. அதைச் சொல்லிக்கொடுக்கும் பிச்சைக்காரக் கிழவர் சோவாக நடித்தவர் யுவன் சியூ டின், இயக்குநரின் சொந்தத் தந்தை. சிவந்த மூக்கும் பரட்டைத் தலையுமாக, இடுப்பில் சாராயக் குடுக்கை. மாணவனைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார். கீழே தண்ணீர் வாளி. மேலே காலருகே வெற்றுப் பானை. கையில் தேநீர்க் கிண்ணம், நம் டீக்கடைத் தம்ளரில் பாதிகூட இல்லாதது. கீழே மொண்டு, வயிற்றை மடக்கி எழுந்து, மேலே ஊற்ற வேண்டும். மறுபடி, மறுபடி. கிழவர் ஓரமாகக் குடித்துக்கொண்டிருக்கிறார். பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. சிறிது நேரத்தில் நம் வயிறும் சேர்ந்து இழுக்கத் தொடங்குகிறது.

அவர் கற்றுத்தரும் வித்தை 'எட்டு அமரர்' பாணி. தாவோ மரபில் சாகாவரம் பெற்ற எண்மர். சீன வீடுகளில் படமாக, பீங்கான் பொம்மையாக, தையல் வேலையாக இன்றும் பார்க்கலாம். இரும்புக்கோல் லி ஒருவர்: உயிர் வெளியே உலாவப் போயிருந்தபோது சீடன் உடலை எரித்துவிட, செத்துக் கிடந்த நொண்டிப் பிச்சைக்காரனின் உடலுக்குள் புகுந்தவர். கூடு விட்டுக் கூடு பாய்ந்த திருமூலரைத் தெரிந்த நமக்கு இந்தக் கதை அந்நியமே இல்லை. அவர் அடி நொண்டிக் காலிலிருந்து வரும். குழல் ஊதும் ஹான், குழலைப் பிடிக்கும் மணிக்கட்டால் அடிப்பார். ஒவ்வொரு அமரரும் ஒரு தள்ளாட்டம், ஒரு தந்திரம். எட்டாவது, பெண் அமரர் ஹோ. 'பெண்பிள்ளை போல நெளிவதா?' என்று நாயகன் அந்த ஒன்றை மட்டும் கற்காமல் ஏமாற்றிவிடுகிறான்.

கடைசிச் சண்டையில் எதிரி ஹ்வாங் ஜாங் லீ. கால் வீச்சுக்குப் பேர்போன நடிகர். நாயகன் ஏழு அமரரையும் இறக்கிப் பார்த்துவிடுகிறான், போதவில்லை. மீதி இருப்பது படிக்காத பாடம். வேறு வழியின்றி அங்கேயே, அந்த நொடியில், தானே ஒரு ஹோவை உருவாக்குகிறான்: கண்ணாடி பார்த்து ஒப்பனை செய்கிறான், இடுப்பை ஒடித்து நடக்கிறான், வெட்கப்படுகிறான், வெட்கத்தின் நடுவே குத்துகிறான். நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். அந்த ஒரு அசைவிலிருந்து சிரிப்பைப் பிரித்து எடுத்தால் அடி நின்றுவிடும். புராணத்தை எடுத்தால் இரண்டுமே இல்லை. மற்ற நான்கிலும் மூன்றும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன. இங்கே ஒரே வீடு.

குறை இல்லாமல் இல்லை. முதல் அரைமணி நேரம் இழுக்கும். கோணல் முகம் காட்டியே சிரிக்க வைக்க முயலும் ஒரு துணை வாத்தியாரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் நாயகன் சந்தையில் ஒரு பெண்ணிடம் வம்பு செய்கிறான். அவள் தாயிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறான், பிறகு அவர் தன் அத்தை என்று தெரிகிறது. தண்டனை கிடைத்தாலும் பையனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசத்தான் வேண்டும். மதுவும் அப்படியே. 1994இல் வந்த படத்தின் எச்சரிக்கைகூட இதில் கிடையாது. குடித்தால் பலம், அவ்வளவுதான். உண்மையான 'ட்சுய் ச்சுவான்', அதாவது குடிகாரக் குங்ஃபூ, பயிற்சியில் யாரும் குடிப்பதில்லை, தள்ளாடுவது போல நடிப்பதற்கு நிதானம் இருமடங்கு வேண்டும் என்பதை நாமேதான் சொல்லிவைக்க வேண்டும்.

எந்த மொழியில் பார்ப்பது என்பதும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸ் ஒலியும் சப்டைட்டிலும் என் விருப்பம். ஆனால் அசலைக் கெடுக்கிறோமே என்று யாரும் மனம் வருந்த வேண்டியதில்லை: அந்தக் கால ஹாங்காங் படங்களைப் பெரும்பாலும் ஒலியில்லாமல் எடுத்துப் பிறகுதான் குரல் சேர்த்தார்கள், 'அசல்' கான்டனீஸ்கூட ஒருவகை டப்பிங்தான். தமிழ் டப்பிங்கில் ஜாக்கி பேசும் வசனங்களுக்கென்றே தனி ரசிகர் கூட்டம் உண்டு. சிரிப்பு கூடும், எட்டு அமரர் மட்டும் எங்காவது காணாமல் போய்விடலாம்.

எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆகக் கூடி, பிள்ளைகளுக்குக் குடிகாரன் படம் போட்டுக் காட்டச் சொல்கிறாய்" என்றாள். ஹங் கார், குருபரம்பரை, தாவோ எதுவும் எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை 'ப்ராஜெக்ட் ஏ' ஓடியது. நாற்காலிக் காட்சியை மருமகள் மூன்று முறை பின்னோட்டிப் பார்த்தாளாம். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அத்தான் எழுந்தாராம். படப்பிடிப்பில் தவறிப்போன காட்சிகளும் பட்ட அடிகளும் அப்போதுதான் வரும் என்று நான் சொல்லிவைத்திருந்ததால் உட்கார வைத்தார்களாம். அடுத்த வாரம் 'ட்ரங்கன் மாஸ்டர்' என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். தலைப்புக்கு என்ன அர்த்தம் என்று அத்தானிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.